வீரப் பதக்கம் விற்பனைப் பொருளா?



1944 அக்டோபர் 21 அன்று நேசப் படைகளிடம் வீழ்ந்த முதல் பெரிய ஜெர்மன் நகரம், நான் வாழும் ஆஹென். அந்த இரண்டாம் உலகப் போரில் வழங்கப்பட்ட இரும்புச் சிலுவைப் பதக்கங்கள் இன்றும் ஜெர்மனியின் பழம்பொருள் சந்தைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள நாஜிச் சின்னத்தை வெளிக்காட்டச் சட்டம் தடை விதிக்கிறது. பதக்கம் யார் வீட்டிலிருந்து, எப்படி வந்தது என்று வாங்குபவர்கள் கேட்பதோ அரிது.

இது இந்தியர்களான நமக்கும் உரிய கேள்வி. 1945இல் பெங்களூரு அருகே பயிற்சியின்போது, இலக்குத் தவறி விழுந்த எறிகுண்டிலிருந்து சக வீரர்களைக் காத்து உயிர்விட்டவர் நாயக் கிர்பா ராம். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. இமாச்சலில் வாழ்ந்த அவர் மனைவி பிரம்மி தேவியிடமிருந்து 2002இல் களவுபோன அந்தப் பதக்கம், 2009இல் லண்டன் ஏலப் பட்டியலில் தென்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே ஏலம் நின்றது.

வறுமையால் பதக்கத்தை விற்கும் குடும்பத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நிலைக்கு அவர்களை விட்ட அரசுதான் வெட்கப்பட வேண்டும். ஆனால், குடும்பத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத எந்தப் பதக்கத்தையும் ஏல நிறுவனங்கள் ஏற்கக் கூடாது. விற்பனைக்கு வருவதை நியாய விலைக்கு முதலில் வாங்கும் உரிமை அரசுக்கு வேண்டும். பதக்கத்தின் இடம் படைப்பிரிவு அருங்காட்சியகம். தனவந்தர் வீட்டு அலமாரி அல்ல.

– வாசகர் ஒருவர், ஆஹென், ஜெர்மனி