கலயத்துக்குக் குறியீடு, கள்ளுக்கு இழிபெயர்

புதுச்சேரிக்குப் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடற்கரைச் சாலை, கடைசியில் ஒரு கோப்பை பிரெஞ்சு ஒயின். நகரத்துக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் இருப்பதையோ, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற 'கொம்யூன்' என்ற சொல்லை அவ்வூர்கள் இன்றும் சுமந்துகொண்டிருப்பதையோ அக்கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை. பிரான்சைப் புகழ்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. பிரான்சிடம் கற்க வேண்டியதை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் எங்களை எரிச்சலூட்டுகிறது.

அக்கோப்பையில் நுரைக்கும் ஷாம்பேனையே எடுத்துக்கொள்வோம். ஷாம்பேன் வட்டாரத்தில் ஏறத்தாழ 34,000 எக்டேர் திராட்சைத் தோட்டம். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் பினோ நுவார், முனியே, சர்தொனே என்ற மூன்றே வகைகள். அர்பான், பெத்தி மெஸ்லியே, பினோ பிளாங், பினோ கிரி என்ற பழைய வகைகள் நான்கும் சேர்ந்து 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அவற்றில் அர்பானும் பெத்தி மெஸ்லியேவும் வெள்ளைத் திராட்சைகள். விளைச்சல் குறைவு, நோய் எளிதில் தாக்கும், பராமரிப்பு பெருந்தொல்லை. கணக்குப் பார்க்கும் உழவன் இவற்றை எப்போதோ பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் எறியவும் செய்தார்கள். ஆனால் ஷாம்பேனுக்கு எந்தத் திராட்சைகள் ஆகும் என்று வகுத்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விரண்டின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பெயர் இருந்ததால்தான் பிடிவாதக்காரர்கள் சிலர் மீண்டும் நட முடிந்தது. த்ராப்பியே நிறுவனம் அர்பான், பெத்தி மெஸ்லியே, பினோ பிளாங், சர்தொனே நான்கையும் சமபங்கில் கலந்து ஒரு மதுவே செய்கிறது. வெயில் கூடிக்கொண்டே போகும் இந்நாளில், வெப்பத்திலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத பெத்தி மெஸ்லியேவை நோக்கி மற்றவர்களும் திரும்புகிறார்கள். உதவாக்கரை என்று ஒதுக்கப்பட்டது கைமருந்தாகிறது.

இனி நம் பக்கம். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார் மரமேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றில் உள்ள நொதியே வேலையைத் தொடங்கிவிட, சில மணி நேரத்தில் வெண்ணுரை பொங்கும் கள். பொங்குவதற்குக் காரணம் ஷாம்பேனில் உள்ள அதே கரிவளி. அங்கே புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் நுரை இங்கே ஒரே இரவில் கிடைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஷாம்பேன்காரர்கள் அந்நுரையைக் குறையென்றே கருதினார்கள். பின்னாளில் அக்குறையே பெருமை ஆயிற்று. நாமோ பெருமையைக் குறையென்று ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இந்த இழிவு தொன்றுதொட்டு வந்ததன்று. சங்கப் புலவர்களுக்குக் கள் நாணத்தக்க பொருளாக இருக்கவில்லை. பல்லவர், சோழர் காலச் சாசனங்கள் 'ஈழம்பூட்சி' என்று கள் இறக்குவோர் மீதான வரியைப் பெயர்சொல்லிக் குறிக்கின்றன. அதாவது, அன்றைய அரசுகள் தொழிலைத் தொழிலாகவே கண்டன. இன்று தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சீமைச் சரக்கை விற்பதோ அரசே. புதுச்சேரியில் தடையில்லை என்று மார்தட்டலாம். ஆனால் அங்கும் கள்ளுக்கடை, சாராயக்கடையைப் போலவே கலால் துறை ஏலம் விடும் ஓர் உருப்படி மட்டுமே. வருவாய்க் கணக்கில் அதற்கு இடமுண்டு, பண்பாட்டுக் கணக்கில் இல்லை.

வில்லியனூரின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மகிழ்ச்சிதான். மண்ணுக்குக் கிடைத்த மதிப்பு, மண்கலயத்தில் பொங்குவதற்கு ஏன் இல்லை? இயலாத காரியம் என்போர் கோவாவைப் பார்க்கட்டும். அங்கே முந்திரிப்பழ ஃபெனி 2009இலேயே குறியீடு பெற்றது. அதுவும் ஏழையின் மதுவாகவே இருந்தது. அதற்கும் நாற்றம் உண்டு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

குடியைப் போற்றுகிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. குடியால் சிதைந்த வீடுகளை நாங்களும் அறிவோம். ஆனால் கள்ளைத் தடுத்த ஊரில் குடி நின்றதா என்று மட்டும் பதிலுக்குக் கேட்போம். கலப்படம் பற்றியும் சொல்வார்கள். உண்மைதான், கள்ளில் மயக்க மருந்து கலக்கும் கொடுமை நடந்திருக்கிறது. அதற்கு மருந்து தரக்கட்டுப்பாடு. பெயரில்லாத, தரவரையறை இல்லாத பொருளில்தான் எதையும் கலக்க முடியும். ஷாம்பேன் என்ற பெயரை அத்தனை கறாராகக் காப்பதன் பொருளும் இதுதான்.

இன்னொரு பக்கமும் எங்களுக்குச் சண்டை உண்டு. கிராமத்து நினைவேக்கத்தில் கள்ளைக் கவிதையாக்குகிறவர்கள், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரையும், ஏறும் தொழிலைக் காட்டியே அவருக்கு ஊர் ஒட்டிய சாதி இழிவையும் எழுதுவதில்லை. மரமேறிக்குக் காப்பீடும் நல்ல கூலியும் இல்லாத மரபு எங்களுக்கு வேண்டாம். தந்தை ஏறினார் என்பதற்காக மகன் ஏறியாக வேண்டியதும் இல்லை. ஏற விரும்புகிறவர் தலைநிமிர்ந்து ஏறட்டும் என்கிறோம்.

வில்லியனூர், பாகூர் கள்ளுக்குச் சட்டத்தில் ஒரு பெயர், ஒரு தரம், இறக்குவோருக்கு ஒரு பாதுகாப்பு: நாங்கள் கேட்பது இவ்வளவே. 1954இல் பிரெஞ்சுக்காரர் அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுத்துப் போனார்கள். தம் மண்ணில் விளைவதை மதிக்கும் அவர்களது வழக்கத்தை மட்டும் நாம் வாங்கிக்கொள்ளவே இல்லை. அடுத்த முறை புதுச்சேரி பற்றி எழுத உட்காரும் நண்பர்கள், பேனாவைத் திறக்கும் முன் ஒருமுறை வில்லியனூர்ப் பேருந்தில் ஏறிவிட்டு வரட்டும்.