பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

பதிவு சற்று நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து பரணைச் சுத்தம் செய்தவர்களில் ஏழெட்டுப் பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறீர்கள். வாழைமரம் போட்ட டாலர் நோட்டு, குதிரைமேல் ஆள் இருக்கும் வெள்ளி மெடல், ஆறு முனை வெண்கல நட்சத்திரம், சாயம் போன ரிப்பன். படத்துக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சார், இது எவ்வளவு போகும்?" எனக்குக் கோபமில்லை. வீடு கட்டுகிறவனும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவனும் விலை கேட்கத்தான் செய்வான். ஆகவே விலையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாழைமர நோட்டு அதிகம் போகாது. 1942-ல் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பான் ராணுவம் அடித்து இறக்கிய டாலர் அது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் நிற்கும், அதனால் அந்தப் பெயர். கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பான் அரசு வாக்குக் கொடுக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். முதலில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது. பிறகு எண் போடுவதையே விட்டுவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் அடித்தார்கள். மலேயாவுக்கு 'எம்' என்று தொடங்கும், பர்மாவுக்கு 'பி'. பர்மாவில் ரூபாய்தான் புழங்கியது என்பதால் அங்கே ரூபாய் என்றே அடித்தார்கள். எண் இல்லாத நோட்டு என்றால் என்ன அர்த்தம்? எத்தனை அடித்தோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லப்போவதில்லை என்று அர்த்தம். கடைசியில் மலேயாவில் ஆயிரம் டாலர் நோட்டே வந்துவிட்டது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து இது செல்லாது என்றார்கள். மூட்டை மூட்டையாக மிஞ்சியது. அதனால்தான் இன்றைக்கும் சாதாரண நோட்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

வெள்ளி மெடல் முதல் உலகப் போருக்கானது. நகைக்கடையில் வெள்ளி எடைக்கு எடுப்பான், சேகரிப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். இதே மெடல் வெண்கலத்திலும் உண்டு. அது துப்பாக்கி தூக்கியவர்களுக்கு இல்லை, மண் வெட்டியும் சுமை தூக்கியும் உழைத்த தொழிலாளர் படைக்குக் கொடுத்தது. சீனர், மால்டாக்காரர், நம் இந்தியர். அன்றைக்கு மட்டம் என்று கொடுத்த வெண்கலத்துக்குத்தான் இன்றைக்குச் சேகரிப்பவர்களிடம் கிராக்கி அதிகம். காலம் செய்கிற வேடிக்கை!

இன்னொரு எச்சரிக்கை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு வாங்க விற்க ரிசர்வ் வங்கி யாரையும் நியமிக்கவில்லை, கமிஷனும் கேட்பதில்லை. போன வருடம் நம் உறவில் ஒருவரே 'ஜிஎஸ்டி' என்று ஏதோ கட்டி ஏமாந்தார். யார் என்று கேட்காதீர்கள்.

விலை அவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்தது.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் அங்கே நிற்கும் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தியா முழுக்கப் பல ஊர்களில் இப்படிக் கல்வெட்டுகள் உண்டு. வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சு: இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். எண் உண்டு, பெயர் கிடையாது. போனவன் யார் மகன், எந்தத் தெரு, ஒன்றும் இல்லை.

நம் ஊர்க் கல்லில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இராக்கில் பாஸ்ரா என்ற இடத்தில் 1929-ல் ஒரு பெரிய நினைவகம் திறந்தார்கள். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக. நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் போய்ப் பாலம் கட்டிய அதே மண். அந்த நினைவகத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பெயரும் அதன் கீழே எண்ணிக்கையும். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் இப்படிப் பாகுபாடு காட்டியதை 2021-ல்தான் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இப்போது பரணிலிருந்து எடுத்த அந்த வெள்ளி மெடலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ராஜா தலை. பின்பக்கம் குதிரை. இரண்டும் லட்சக்கணக்கான மெடல்களில் ஒன்றுதான். விளிம்பைப் பாருங்கள், காசின் ஓரம் மாதிரி இருக்கிறதே, அந்த இடம். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்ன ஆங்கில எழுத்துகள் தெரியும். படை எண், பதவி, பெயர், பிரிவு. ஊர்க் கல் எழுதாத பெயர், பாஸ்ரா சுவர் எழுதாத பெயர், இந்த மெல்லிய ஓரத்துக்குள் இருக்கிறது. வெள்ளைக்கார கிளார்க் எழுத்தைக் கொலை செய்திருப்பான், முனுசாமி மணிசாமி ஆகியிருப்பார். பரவாயில்லை, அவர்தான்.

என் அத்தை வீட்டில் ஒரு மெடல் இருந்தது. அத்தையின் மாமனாருடையது. மேலே இருந்த பிடியை வெட்டிவிட்டு வளையம் பற்ற வைத்து, மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார்கள். காத்து கருப்பு அண்டாதாம். மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விளிம்பில் மிச்சம் இருந்தது 'சாமி' என்ற கடைசி எழுத்துகள் மட்டும். நம் ஊரில் பாதிப் பேர் பெயர் சாமியில்தான் முடியும். எந்தப் படை, எந்த நாட்டுக்குப் போனார், ஒன்றும் தேறவில்லை. பாளையங்கோட்டைப் பெயர் கொண்ட 63-ஆவது படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிச் சண்டையில் சிதறியது. அவரும் அங்கே இருந்தாரா, பாஸ்ராவில் இருந்தாரா? அந்த ஓரம் தேயாமல் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மலேயா நோட்டில் பெயர் கிடையாது. அதனாலேயே அதன் கதை இன்னும் மோசம். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களைத்தான் ஜப்பான்காரன் நாளுக்கு ஒரு டாலர் என்று ஆசை காட்டியும், பிறகு லாரியில் அள்ளிப்போட்டும் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைத்துவிட்டான். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஆயிரமாயிரம். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இன்றைக்குப் போனால் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏழாயிரத்துக்கு அருகில், புல் வெட்டி, பெயர் பொறித்து, பூச்செடி வைத்து, வரிசையாக இருக்கும். நம் தோட்டத் தமிழனுக்கு அப்படிப் பெயர் எழுதிய வரிசை கிடையாது. அவனுக்குக் கொடுத்த கூலி இந்த நோட்டு. போர் முடிந்ததும் அதுவும் வெறும் காகிதம்.

ஆகவே, உங்கள் பரணில் இருக்கும் அந்தப் பத்து டாலர் சந்தையில் இருநூறு ரூபாயோ முந்நூறு ரூபாயோ பெறும். "இது என் கொள்ளுத்தாத்தா இன்னார், இன்ன தோட்டத்திலிருந்து இன்ன வருடம் திரும்பி வந்தபோது மடியில் முடிந்துகொண்டு வந்தது" என்று நாலு வரி கூட இருந்தால் அது ஆவணம். அந்த நாலு வரியை எழுதும் தகவல் இப்போது உங்கள் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ மட்டும் இருக்கிறது. எண்பதைக் கடந்தவர்கள் அவர்கள். நோட்டு இன்னும் நூறு வருடம் தாங்கும்.

ராணி ஜான்சி படையிலும் இந்திய தேசிய ராணுவத்திலும் இதே தோட்டப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்தார்கள். அவர்கள் வீடுகளில் பேட்ஜ் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் இணையத்தில் நேதாஜி படம் போட்ட நோட்டு, ஐ.என்.ஏ. பேட்ஜ் என்று விற்பனைக்கு வருவதை முதலில் சந்தேகப்படுங்கள். தியாகி பென்ஷன் ஆணை, பழைய மனு நகல், ஒரு குரூப் போட்டோ, இவைதான் உறுதியான சாட்சி. அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டுப் பேட்ஜை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் சேகரிப்பாளர்கள் (உங்களில் மூன்று பேர் உண்டு, எனக்குத் தெரியும்) என்மேல் வருத்தப்பட வேண்டாம். நான் உங்கள் பக்கம்தான். குடும்பங்கள் உருக்கியதை விட நீங்கள் காப்பாற்றியது அதிகம். அடகுக்கடையில் உருகப்போன மெடலைக் கூடுதல் காசு கொடுத்து மீட்டவர் உங்களில் ஒருவர். எனக்குச் சண்டை ஒரே ஒரு பழக்கத்தோடுதான். ஒரே ஆளுடைய நாலு மெடலையும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டையும் சேர்த்து வாங்கி, நல்ல விலைக்குப் போகும் ஒன்றைத் தனியாகப் பிரித்து விற்பதும், மற்றதைக் கலப்புக் குவியலில் போடுவதும். அப்படிப் பிரித்த நிமிடம் அந்த ஆள் இரண்டாவது முறை காணாமல் போகிறான். யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வைக்காமல் வாங்குவதும் அதே ரகம். "எழுதினா விலை குறையும் சார்" என்றார் ஒரு வியாபாரி. குறையட்டுமே.

விற்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். கஷ்டம் என்றால் விற்கத்தான் வேண்டும். முழுசாக, ஒரே கையில் விற்றுவிடுங்கள். விற்கும் முன் எல்லாவற்றையும் படமெடுத்து, பெயரோடு குடும்பத்தில் நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் உலகப் போர்ச் சாமான்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அந்த வயதான வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருடச் சட்டம் தடை போடுகிறது. ஆன்லைனில் லண்டன்காரன் கேட்கிறான் என்று பார்சல் கட்டிவிடாதீர்கள். பழைய தோட்டா, குண்டு மாதிரி ஏதாவது கிடைத்தால் அதைத் தொடவே வேண்டாம், போலீஸுக்குச் சொல்லுங்கள். எண்பது வருடம் ஆனாலும் வெடிக்கிற சாமான் வெடிக்கும்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தவர்களுக்குக் கொஞ்சம் கைவேலை. மெடலைப் புளி, விபூதி, பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பாகவே இருக்கட்டும், கறுப்பு பெயரை அழிக்காது, தேய்ப்பதுதான் அழிக்கும். நோட்டை லேமினேஷன் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். சுத்தமான காகித உறையில் வையுங்கள். விவரத்தை உறையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு நோட்டை உள்ளே வையுங்கள், நோட்டின்மேல் எழுதாதீர்கள். பென்சில் போதும்.

பெயர் கிடைத்தால் தேட வழி உண்டு. போரில் இறந்தவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர் என்றால் கொஞ்சம் சிரமம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு மையம், அங்கே எழுதிக் கேட்கலாம். பதில் வரும் வரை பொறுமை வேண்டும். சென்னைக்கு வரும்போது பிள்ளைகளைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை கூட்டிப் போங்கள். மாலில் சுற்றுகிற நேரத்தில் பாதி போதும்.

இரண்டாம் போரின் நட்சத்திரங்களில் எல்லாவற்றிலும் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் இல்லையென்றால் அதே பெட்டியில் பே புக், டிஸ்சார்ஜ் காகிதம், பென்ஷன் புத்தகம் என்று ஏதாவது இருக்கிறதா என்று அடி வரை பாருங்கள். கறையான் முதலில் அதைத்தான் தின்னும்.

கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், எனக்கு வேறென்ன வேலை? ஆனால் ராஜா தலையையும் குதிரையையும் படமெடுத்து அனுப்பாதீர்கள், என்னிடம் அது இருபது இருக்கிறது. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, விளிம்பை மட்டும் ஆறேழு படமாக எடுத்து அனுப்புங்கள். கூடவே வீட்டில் மூத்தவரிடம் கேட்டு அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், மூன்றையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். கிளார்க் எழுதிய ஆங்கிலத்தோடு அதை ஒத்துப்பார்க்க வேண்டும்.