இசைக்கு மொழியில்லையாம்!

“இசைக்கு மொழியில்லை” என்னும் பழம்பொய் மீண்டும் தலைதூக்கி நிற்கின்றது. முன்னாளில் அஃது இசையரங்க மேடையேறி முழங்கியது. இந்நாளில் ஆங்கில இதழ்களின் திறனாய்வுப் பக்கங்களில் அமர்ந்து எழுதுகின்றது. இடம் மாறியதேயன்றி அதன் நஞ்சு மாறவில்லை.

1941-ஆம் ஆண்டு அண்ணாமலை நகரில் அரசர் அண்ணாமலையார் தமிழிசை மாநாடு கூட்டினார். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாட்டு முதன்மை பெறல் வேண்டும் என்னும் குரல் அங்கெழுந்தது. அதனை எதிர்த்தோர் கைக்கொண்ட படைக்கலம் இப்பொய்யே. இசைக்கு மொழி எற்றுக்கு, தெலுங்காயின் என்ன, தமிழாயின் என்ன என்றனர். எம்மொழியாயினும் ஒன்றே எனின், தமிழில் பாடுவதற்கு ஏன் முகஞ்சுளித்தனர்? அவ்வினாவிற்கு விடையிறுத்தார் இலர். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றதே நம்மவர் தந்த விடை.

இன்று நம் இளைஞர் திரைப்படத்தின் நிழலை வேண்டாது, தம் காலிலே நின்று இசைக்குழு அமைத்துத் தொகுப்புகள் வெளியிடுகின்றனர். பறையும் கித்தாரும் ஒருங்கே ஒலிக்கின்றன. கானாவும் ஒப்பாரியும் மேலை ‘ராக்’ இசையொடு கைகோக்கின்றன. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் முன்னின்று உருவாக்கிய ‘காசுட்டுலெசு கலெக்டிவ்’ என்னும் குழு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறியது. சாதிக் கொடுமையைச் சாடுதற்கென்றே எழுந்த குழு அது.

இத்தகைய தொகுப்புகளைத் திறனாயப் புகுவோர் எழுதுவதென்ன? கித்தாரின் கனம் எவ்வளவு, முழவின் விரைவு எவ்வளவு, ஒலிப்பதிவு தெளிவாயுள்ளதா, எந்த அமெரிக்கக் குழுவின் சாயல் தெரிகின்றது, இவ்வளவே! பாட்டின் சொல்லைப் பற்றியோ, “மொழி தெரியாவிடினும் சுவைக்கலாம்” என்று ஒரே வரி. சுவைப்பதை எவர் தடுத்தார்? சுவைப்பது வேறு, தீர்ப்புக் கூறுவது வேறு. ஓலையைப் பிரித்துப் படியாமல் அதன் நறுக்கழகைப் புகழ்வோனை மடல் படித்தோன் என்று எவரேனும் கூறுவரோ?

ஒரு சொல்லை எடுத்துக்காட்டுவல். 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய பாட்டு ‘எஞ்சாய் எஞ்சாமி’. இதன் சொற்களை யாத்தவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் மீண்ட தம் முன்னோரின் துயரை அவர் அதில் வைத்தார். ‘என் சாமி’ என்பது பாட்டி பேரனை மடியிலிருத்திக் கொஞ்சும் விளி. அதே ‘சாமி’ என்னும் சொல்லைத்தான் உழுதவன் நிலக்கிழான்முன் கைகட்டி நின்று கூறுமாறு கட்டாயப்படுத்தப்பட்டான். சாமி வடசொல்வழி வந்ததேயெனினும், ஏழையின் வாயில் அஃது ஒருபால் அன்பாகவும் ஒருபால் அடிமைத்தளையாகவும் கிடந்தது. இவ்விரண்டும் அறியாத செவிக்கு அது வெற்றொலி. ஒப்பாரியின் விம்மல் அவனுக்கு ஆட்டத்தாளம்!

சொல்லை எடையற்றதாக்கினால் சொல்லாக்கியோனும் மறைந்துபோவான். 2021 ஆகத்தில் ‘ரோலிங் சுடோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாட்டின் வெற்றியைப் போற்றும் முகப்பட்டையில் பாடகி தீயையும் கனடாத் தமிழ்க் கலைஞர் ஒருவரையும் பொறித்தது. அவ்விருவர்மேல் நமக்குக் குறையில்லை. சொல் யாத்த அறிவு எங்கே? கண்டனம் கிளர்ந்த பின்னரே அவர்க்கென ஒரு மின்னட்டை வெளிவந்தது. இதனைத் தற்செயல் என்று கூறித் தப்பவியலாது. இசைக்கு மொழியில்லை என்னும் கொள்கை ஈன்ற பிள்ளையே இது.

இனி, நம் புலவர் பெருமக்களை வினவுகின்றேன். தெருப்பாட்டு என்று மூக்கைப் பொத்துகின்றீர்களே, இது யார் கற்பித்த தீண்டாமை? தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் யாழோடு பறையையும் எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என உரையாளர் வகுத்தனர். செய்யுளியலிலே பண்ணத்திக்கும் இடமளிக்கப்பெற்றது. இளங்கோவடிகள் வேட்டுவர் வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் காப்பியத்தின் நடுவிலே அமர்த்தினார். அவர்க்கில்லாத இழிவுணர்ச்சி நமக்கேன்?

குறை காண்க, நன்றாகக் காண்க! சாதியற்ற குழுவிற்கு ஆங்கிலப் பெயர் எதற்கு? ‘சாதியில்லாத் தமிழர்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் ஈந்த தொடரன்றோ அப்பெயரின் வேர்? வேர் தமிழாயிருக்கக் கிளை ஏன் ஆங்கிலத்தில் தழைக்க வேண்டும்? ‘எஞ்சாய்’ என்னும் கலப்பு எதற்கு? இவற்றை ஆங்கிலத் திறனாய்வாளன் கேளான். அவனுக்கு அது குறையாகவே தோன்றாது. கேட்கும் உரிமையும் கடமையும் நம்முடையன. ஆனால், பாட்டை முழுதுறக் கேட்டவனே குறை கூறும் தகுதியுடையான்.

ஆகலின், தமிழாசிரியர்களே! புதிய தொகுப்பு ஒவ்வொன்றையும் கேளுங்கள். அதன் சொல்லை, யாப்பை, பொருளைத் தமிழிலேயே ஆய்ந்து எழுதுங்கள். இசைக்குழு இளைஞர்களே! பாட்டு வரிகளைத் தமிழெழுத்தில் அச்சிட்டு, யாத்தவர் பெயரை முதற்கண் பொறித்து வெளியிடுங்கள். நம் பாட்டை நாமே நிறுக்காவிடின், பிறர் தம் படிக்கல்லால் நிறுப்பர். சொல்லைத் தட்டிலிருந்து எடுத்தெறிந்துவிட்டே நிறுப்பர்.

இசைக்கு மொழியுண்டு. தமிழன் பாட்டிற்கு அது தமிழ்!