போரடித்தது போதும்!

தமிழன் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் இன்று நாள்தோறும் போரடித்துக்கொண்டே இருக்கின்றது. பாடம் போர், வழிச்செலவு போர், பெற்ற தாயின் பேச்சும் போர்! நிலத்தைத் துளைத்தாலும் போர். நெஞ்சு துவண்டாலும் போர். தமிழில் போர் என்பது பொருதலையும் வைக்கோற் குவியலையுமே குறிக்கும். அறுத்த தாளைக் களத்திற் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிட்டு, நெல்மணி உதிர்ப்பதே போரடித்தல். அது நமக்குச் சோறு தந்த தொழில். உழைப்பின் பெயர் இன்று உழையாமையின் பெயராயிற்று!

ஆங்கிலத்தினின்று இரந்த இச்சொல் அங்கேனும் தொன்மையுடையதோ எனின், அன்று. இப்பொருளில் அது 18ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றது. அதன் வேர் இன்னதென ஆங்கில அகரமுதலியாரே அறுதியிட்டுக் கூறுகின்றிலர். பிறப்பறியா அச்சொல்லுக்காக நம்மவர் இழந்தவையோ பல.

உழைத்த உடம்பு தளர்தல் அலுப்பு. துய்த்தது மிகுந்து வெறுப்பாதல் தெவிட்டல். நினைத்தது கைகூடாது நெஞ்சு தொய்தல் சடைவு. செய்யவேண்டுவதைச் செய்ய உள்ளம் எழாமை மடி. கண்டதையே கண்டு, கேட்டதையே கேட்டுக் கசத்தல் சலிப்பு. சலிப்பு வடசொல்லோ என ஐயுறுவாரும் உளர். அவர்க்கு முனைவு என்னும் பழஞ்சொல் உண்டு. மிகத் துய்த்ததொன்றை வெறுத்தலைக் கழகப் புலவர் முனைதல் என்றனர். தொல்காப்பிய உரியியலும் முனைவுக்கு முனிவு, அஃதாவது வெறுப்பு, என்றே பொருள் கூறும். அந்நூலின் மெய்ப்பாட்டியல் முனிதலையும் மடிமையையும் கையாற்றையும் வெவ்வேறாக எண்ணிற்று. வள்ளுவரோ மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

சொல் வேறாயின் நோய் வேறு, மருந்தும் வேறு. அலுத்தவனுக்கு ஓய்வு வேண்டும். தெவிட்டியவனுக்கு இடைவெளி வேண்டும். சலித்தவனுக்குப் புதுமை வேண்டும். மடியனுக்கு வேலை வேண்டும். வகுப்பில் ஒரு மாணாக்கன் 'போரடிக்கின்றது ஐயா' என்பானாயின், அவன் இரவு உறங்கவில்லையா, பாடம் விளங்கவில்லையா, விளங்கியதையே மீண்டும் கேட்கின்றானா, படிக்கவே உள்ளமில்லையா என ஆசிரியன் எங்ஙனம் அறிவான்? அம்மாணாக்கனே அறியான், அதுவே பெருங்கேடு. தன் உணர்வைப் பகுத்தறியும் கூரிய கருவிகளை அவன் கையினின்று பறித்துக்கொண்டு, ஒரு மழுங்கற் கட்டையைக் கொடுத்திருக்கின்றது இக்குமுகாயம்.

'மக்கள் வழங்குவதே மொழி. போரும் தமிழாகிவிட்டது' என வழக்காடுவர் சிலர். மக்கள் வாயில் இதனை வைத்தவர் யார்? உழவரா? நெசவாளரா? அவர்க்கு அலுப்பும் தெரியும், சலிப்பும் தெரியும். ஆங்கிலங் கற்றார் வாயினின்றும் திரையினின்றும் தாளிகையினின்றும் இழிந்து வந்ததே இக்கேடு. மேலிருந்து வந்ததை மேலிருந்தே களைதல் வேண்டும்.

ஆகவே, தமிழன்பரீர்! உம் பிள்ளை கைப்பேசியை ஒருபுறம் எறிந்துவிட்டுப் 'போரடிக்கின்றது' என்றால் சினவாதீர். 'அலுப்பா? சலிப்பா? தெவிட்டிற்றா? மடியா?' என வினவுக. விடை தேடும்போதே அதன் அறிவு கூர்மையுறும். தமிழும் அதன் நாவில் நிலைபெறும். போரடித்தலைக் களத்துமேட்டிற்கே விட்டுவிடுவோம்!