ஐரிஸ் வாங்கி ஏமாறாதீர்கள்



கொஞ்ச நாளாக ஒரே புலம்பல். "டீச்சர், ஆன்லைனில் ஐரிஸ் கிழங்கு வாங்கி நட்டேன், அழுகிப்போச்சு. எனக்குக் கைராசி இல்லை." கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விருத்தாசலத்துக்கு அந்தக் கிழங்கை விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐரிஸ் குளிர்தேசத்துச் செடி. காஷ்மீரில் கல்லறைகளின் மேல் பூத்துக் கிடக்கும். அங்கே ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். விளம்பரப் படங்களில் வரும் தாடி ஐரிஸில் பெரும்பாலான வகைகள் அப்படிச் சில வாரம் குளிரில் கிடந்தால்தான் மொட்டு பிடிக்கும். நமக்கு மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். "ஃப்ரிட்ஜில் வைத்து நடலாமே" என்கிறார்கள் சிலர். சரி, ஒருமுறை பூத்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் அக்னி நட்சத்திரத்தை எந்த ஃப்ரிட்ஜில் வைப்பீர்கள்?

கனடா, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் தாராளமாக வளருங்கள். ஆனால் அங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. செடி செத்தால் பனியைத் திட்டுகிறீர்கள். உறைவதும் இளகுவதும் மாறி மாறி வருவதுதான் ஆபத்து. நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். மண் உப்பி, வேர் பிடிக்காத கிழங்கை மேலே தள்ளிவிடும். இளகும்போது தேங்கும் நீர் அதை அழுகவைக்கும். ஆகவே குளிருக்கு ஆறேழு வாரம் முன்பே மேட்டுப்பாத்தியில், கிழங்கின் முதுகு தெரிய நடுங்கள். ஈரம் காயாத சாமானைச் சூளையில் ஏற்றினால் வெடிக்கும் என்பது செராமிக் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? அங்கே சூடு, இங்கே குளிர். இரண்டிலும் வில்லன் உள்ளே நிற்கும் தண்ணீர்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. நம் ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி ரகங்களைத் தந்தது எப்படி? இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் எது தாங்கும் என்று பார்த்துத்தானே! வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் அந்தப் புத்தி வேண்டாமா?

நம் மாநில மலர் செங்காந்தள் இருக்கிறது. ஐரிஸ் குளிரில் உறங்கும். இதன் கிழங்கு கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் முளைக்கும். கார்த்திகைப்பூ என்ற பெயரே அது பூக்கும் காலத்தைச் சொல்கிறது. ஒரே எச்சரிக்கை: கிழங்கு கடும் விஷம், சிறு பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. காட்டில் தோண்டாதீர்கள், மருந்துக்காகப் பயிரிடும் விவசாயிகளிடம் வாங்குங்கள்.

பூ வளர்ப்பது நல்ல பழக்கம். ஊரைப் பார்த்து வளருங்கள், படத்தைப் பார்த்து வளர்க்காதீர்கள்.

வாழ்க வளமுடன்.