இரவு பத்து மணிக்கு யார் எடுப்பது?

இரவு பத்து மணிக்கு ஏர்கான் ஒழுகத் தொடங்கினால் யாரை அழைப்பீர்கள்? பழுதுபார்க்கும் சிறிய கடைகளில், பகலெல்லாம் ஏணியில் நின்றவர்தான் தொலைபேசியையும் எடுக்க வேண்டும். அவரும் தூங்க வேண்டாமா? எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இந்த இடத்துக்குத்தான் செயற்கை நுண்ணறிவுக் குரல் வந்திருக்கிறது. நாம் பேசுவதை எழுத்தாக்கி, பதிலைத் தயாரித்து, அதைக் குரலாக்கிப் பேசும். முகவரி கேட்டு, நேரம் குறித்துக்கொள்ளும்.

குரலை வைத்துப் பிழைப்பவள் நான். உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க, சராசரியாக 0.2 நொடிதான் ஆகிறது. இயந்திரம் தாமதித்தால் காது கண்டுபிடித்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், மனிதர்போல் நடிப்பதைத்தான் பொறுக்க முடியாது. 2018இல் கூகல் தன் ‘டூப்ளெக்ஸ்’ குரலை ‘ம்ம்’ கொட்டிப் பேசவைத்துக் காட்டியது. கண்டனம் எழுந்ததும், இனி அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்றது.

கடை நடத்தும் அண்ணன்மாரே, முதல் வரியிலேயே “நான் இயந்திரக் குரல்” என்று அது சொல்லட்டும். இன்னொன்று: தண்ணீர் சொட்டுவது காலைவரை காத்திருக்கும், கருகும் வாடை காத்திருக்காது. அப்போது மின்சாரத்தை அணைக்கச் சொல்லி, அழைப்பை உடனே ஒரு மனிதருக்கு மாற்ற வேண்டும். தீ என்றால், சிங்கப்பூரில் 995ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுமுன் ஓர் இரவு நீங்களே அழைத்து, “ஏர்கான்ல ஏதோ கருகுற ஸ்மெல் வருதுலா” என்று நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். நாளை மறுநாள் காலை வரலாமா என்று கேட்டால், வாங்காதீர்கள்.