அடக்கிப் பழகின உடம்பு

எங்கட பெடியளுக்குக் கதைக்க விஷயம் இல்லாமல் இல்லை. கிரிக்கெட், அரசியல், படம், காதல் தோல்வி, ஆருக்கு எந்தப் பாடம் 'ரிப்பீட்' என்று விடிய விடியக் கதைப்போம். விளையாடி முழங்கால் பிசகினால் கட்டைக் காட்டிக்கொண்டு திரிவோம். ஆனால் தொப்புளுக்குக் கீழே ஒரு நோ வந்தால் வாய் மூடிவிடும். அதைப் பகிடியாகச் சொல்லலாம், வருத்தமாகச் சொல்ல ஏலாது.

அந்த நோவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மருத்துவத்தில் அதை நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்கிறார்கள். அடிவயிற்றில் ஒரு பாரம். விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவில், ஏதோ பந்துக்கு மேலே குந்தியிருப்பது போல ஒரு அழுத்தம். சலம் போகும்போது எரிவு, போய் வந்து பத்து நிமிசத்தில் திரும்பவும் முட்டுகிற மாதிரி ஒரு உணர்வு. சிலருக்கு விந்து வெளியேறும்போதும் அதற்குப் பிறகும் நோகும். கடந்த 6 மாதத்தில் குறைந்தது 3 மாதம் இப்படி இருந்து, சோதித்துப் பார்த்தும் கிருமியோ வேறு காரணமோ அகப்படாவிட்டால்தான் இந்தப் பெயர். பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில், நூறு ஆண்களில் 2 முதல் 10 பேர் வரை இந்த மாதிரியான அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறார்கள். இது கிழவர்களின் வருத்தமும் இல்லை. இருபது, முப்பது வயதுக்காரரிடமும் தாராளமாக வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த நோவுக்கு நடை, மூச்சு, இருக்கிற விதம், சாப்பாடு, நித்திரை என்று அன்றாட வாழ்க்கையில் செய்கிற மாற்றங்கள் உண்மையான சிகிச்சை. குளிசை கிடைக்காதவர்களுக்குச் சொல்கிற ஆறுதல் இல்லை அது. ஆனால் எங்களுக்கு அது எட்டாமல் இருப்பதற்குக் காரணம், 'ஆம்பிளை எண்டா அடக்கிக்கொண்டு இரு' என்று சொல்லித் தந்த வளர்ப்பு.

முதலில் பெயரைப் பார்ப்போம். பலகாலமாக இந்த வருத்தத்தை 'புரொஸ்டேட் அழற்சி' என்றே எழுதி வந்தார்கள். அழற்சி என்றால் கிருமி, கிருமி என்றால் அன்ரிபயோட்டிக் என்று யோசனை தானாகவே ஓடும். 1995இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் இதை நாலு வகையாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் பக்டீரியாவால் வருபவை. மூன்றாவதுதான் நாங்கள் கதைக்கிற இடுப்புக்குழி வலி. நாலாவதில் அறிகுறியே இருக்காது. நோவோடு வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த மூன்றாவது வகைதான். அவர்களிடம் கொல்வதற்குக் கிருமி இல்லை.

ஆனாலும் நடப்பது என்ன? எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, வேறு பீடம். ஒன்றரை வருசமாக இந்த நோவோடு திரிந்தவர். ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு நிமிசம் பார்த்துவிட்டு அன்ரிபயோட்டிக் குடுத்தார்கள். ஒரு கிழமை சுகம் மாதிரி இருந்தது, பிறகு திரும்ப வந்தது. இன்னொரு இடம், இன்னொரு அன்ரிபயோட்டிக். மூன்றாவது தரம் பாமசியில் தானே கேட்டு வாங்கினார். இவ்வளவு காலமும் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தனக்குப் பால்வினை நோய் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி வரக்கூடிய எதையும் அவர் செய்திருக்கவும் இல்லை.

2004இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. நீண்டகாலமாக இந்த நோ இருந்த 196 ஆண்களுக்கு 6 கிழமை மருந்து குடுத்தார்கள். ஒரு பகுதிக்கு சிப்ரோபுளொக்சசின், ஒரு பகுதிக்கு சலம் போவதை இலகுவாக்குகிற தம்சுலோசின், ஒரு பகுதிக்கு இரண்டும், மிச்சப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிப்ரோபுளொக்சசின் சும்மா போட்டுப் பார்க்கிற குளிசையும் இல்லை. அந்த மருந்துக் குடும்பம் தசைநாண்களை அறுக்கக்கூடும் என்று 2008இலேயே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை போட்டார்கள். கிருமி இருக்கிறது என்று சோதனை சொன்னால் அன்ரிபயோட்டிக் கட்டாயம் எடுக்கத்தான் வேணும். ஆனால் சோதிக்காமல் மாறி மாறி எடுப்பது சிகிச்சை ஆகாது.

அப்ப கிருமி இல்லாமல் ஏன் நோகுது? எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லை. நிறையப் பேரில் இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போய்க் கிடக்கின்றன. சலப்பை, குடல், புரொஸ்டேட் எல்லாவற்றையும் கீழே இருந்து தாங்குகிற தொட்டில் மாதிரியான தசைகள் அவை. சலத்தை அடக்கும்போது நாங்கள் இறுக்குவதும் அவற்றைத்தான். பயந்தால், கோபம் வந்தால், சோதனைக்குப் படிக்கும்போது, சிலர் பல்லைக் கடிப்பது போல இவற்றையும் தெரியாமலே இறுக்கிக்கொண்டிருப்பார்கள். இறுகின தசை நோகும், நோகுது என்ற பயம் இன்னும் இறுக்கும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி வேலை செய்த இருவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'இடுப்புக்குள்ளே ஒரு தலையிடி' என்ற கருத்தில்தான் இருக்கும். மன அழுத்தத்தால் தலையிடி வந்தால் எல்லாரும் நம்புகிறோம். அதே இறுக்கம் கீழே வந்தால் மட்டும் பால்வினை நோய், ஆண்மைக் குறைவு, 'தாது நட்டம்' என்று கதை மாறிவிடுகிறது. அந்தப் பயத்தில் காசு பார்க்கிற விளம்பரங்கள் பேப்பரிலும் பேஸ்புக்கிலும் தாராளமாக இருக்கு. சுயஇன்பத்தால் இந்த நோ வருவதில்லை. இது புற்றுநோயும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது நடை. இத்தாலியில் 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வு, வேறு சிகிச்சைகளால் சுகம் காணாத, அசைவு குறைந்த வாழ்க்கை வாழ்ந்த 103 ஆண்களை எடுத்தது. 18 கிழமை ஒரு பகுதியினர் வேகநடை போன்ற மூச்சு வாங்குகிற பயிற்சி செய்தார்கள், மற்றப் பகுதியினர் சும்மா உடம்பை நீட்டி மடக்கினார்கள். இரண்டு பகுதிக்கும் குறைந்தது. நடந்தவர்களுக்குக் கூடக் குறைந்தது. காசு தேவையில்லை, சப்பாத்து இருந்தால் காணும்.

இரண்டாவது இருக்கிற விதம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி இரண்டு நிமிசம் நடவுங்கோ. பின் பொக்கற்றில் தடிச்ச பர்ஸை வைத்துக்கொண்டு இருக்காதேங்கோ. வாங்கில் இருக்கும்போது ஒரு துவாயை மடித்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். சைக்கிள் சீற்றின் முன்முனை சரியாக அந்த இடத்தைத்தான் அழுத்தும். சைக்கிள் ஓடின பிறகு கூட நோகுதென்றால், கொஞ்சக் காலம் விட்டுப் பாருங்கோ.

மூன்றாவது மூச்சு. யூரியூபில் ஆண்களுக்கு 'கீகல்' செய்யச் சொல்கிற வீடியோக்கள் கனக்க. அது தசையை இறுக்கிப் பலப்படுத்துகிற பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசைக்கு அது நோவைக் கூட்டலாம். இவர்கள் பழக வேண்டியது தளர்த்த. முதுகில் படுத்து, முழங்காலை மடித்து, வயிற்றில் கையை வையுங்கோ. வயிறு மேலே எழும்புகிற மாதிரி மெதுவாக மூச்சை இழுங்கோ. சலம் போகத் தொடங்கும்போது கீழே ஒரு தளர்வு வருமே, அதை முக்காமல் வரவிடுங்கோ. நாளைக்கு ஒரு பத்து நிமிசம். சாதாரண பயிற்சி போலத் தெரியும், ஆனால் வருசக்கணக்காக இறுக்கிப் பழகின ஆளுக்கு இதுதான் ஆகக் கஷ்டம். வெதுவெதுப்பான தண்ணியில் கால் மணித்தியாலம் குந்தி இருப்பதும் உதவும்.

நாலாவது சாப்பாடும் கழிப்பறையும். தேத்தண்ணி, கோப்பி, உறைப்பு, மதுசாரம் சிலருக்கு நோவைக் கிளப்பும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிப்பாட்டாமல், ஒவ்வொன்றாக இரண்டு கிழமை விட்டு, கொப்பியில் எழுதிப் பாருங்கோ. சலம் அடிக்கடி போகுது என்று தண்ணி குடிக்காமல் விட்டால், சலம் தடித்து எரிவு கூடும். மலச்சிக்கல் இந்தத் தசைகளுக்குப் பெரிய எதிரி. கீரை, பப்பாசி, குரக்கன், தண்ணி என்று வீட்டில் உள்ளதே போதும்.

இதெல்லாம் ஒரு கிழமையில் பலன் தராது. மாதக்கணக்கில் போகும், நடுவில் சோதனைக் காலத்தில் திரும்பவும் கூடும். அதனால்தான் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். நேற்றையோடு பார்த்தால் ஒன்றும் விளங்காது, மூன்று மாதத்துக்கு முந்தின பக்கத்தோடு பார்த்தால் விளங்கும்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. 'வாழ்க்கை முறையை மாத்து எண்டால் பிழை என்னிலதான் எண்டு சொல்றியளா? எல்லாம் மனப்பிரமை எண்டு சொல்றியளா?' இரண்டும் இல்லை. தசை இறுகுவது உடம்பில் நடக்கிற விஷயம், கையால் தொட்டு உணரக்கூடியது. பிழை என்று பார்த்தால் அது தனி ஆளில் மட்டும் இல்லை. மூன்று மணித்தியால விரிவுரையில் எழும்பிப் போனால் முறைக்கிற இடத்தில், பூட்டிக் கிடக்கிற கழிப்பறைகளுக்கு நடுவில், 'அடிக்கடி எழும்பு, சலத்தை அடக்காதே' என்பது லேசான அறிவுரை இல்லை. கம்பஸில் கழிப்பறை பற்றிப் பெண்பிள்ளைகள் எத்தனையோ தரம் கதைத்துவிட்டார்கள். எங்களுக்கும் அதில் பங்கு இருக்கு என்று இனியாவது விளங்க வேணும். நாள் முழுக்க சீற்றை விட்டு எழும்ப ஏலாத பஸ், ஓட்டோ சாரதிகளுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை.

மாற்றங்களைத் தொடங்க முதல் ஒருக்கா டொக்டரிடம் காட்டுவது அவசியம். கிருமியோ வேறு வருத்தமோ இல்லை என்று உறுதிப்படுத்த வேணும், சலச் சோதனை ஒன்று பெரிய விஷயம் இல்லை. பால்வினை நோய்ப் பயம் இருந்தால் அரச ஆஸ்பத்திரிகளின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக, இரகசியமாகப் பார்ப்பார்கள். குளிரோடு காய்ச்சல், சலத்தில் இரத்தம், சலம் அடைப்பது, இருக்கிற இடம் மரத்துப்போவது, கால் பலவீனம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஒரு பக்க விதை திடீரென்று கடுமையாக நொந்தால் அந்த மணித்தியாலமே போக வேணும். விதை முறுகியிருந்தால் ஒரு சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் அது பழுதாகிவிடும். நோவால் மனம் உடைந்து வாழவே வெறுத்தால் 1926க்கு எடுங்கோ, அது தேசிய உளநல உதவி இலக்கம்.

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் இருந்தது. இந்தப் பகுதி வரும்போது 'வீட்டில வாசியுங்கோ' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்கள். இனி அந்தப் பக்கத்தை நாங்கள்தான் வாசிக்க வேணும். போடிங்கில் ஒரு தம்பி அடிக்கடி எழும்பிப் போறதைக் கண்டால் பகிடி பண்ணாமல், 'என்னடா, ஏதும் நோகுதோ? டொக்டரிட்டக் காட்டுவம், நானும் வாறன்' என்று கேட்கிற ஒரு ஆள் இருந்தாலே, ஒன்றரை வருசம் மூன்று மாதமாகக் குறையும்.